மேலே வருவதுதான் வேலை

"முப்பதடித் தண்ணிக்குள்ள முங்கி, உழுந்த மோட்டாருக்குக் கயிறு கட்டிட்டு ஒரே மூச்சுல மேல வர்றவன் நானு. கடல்ல மட்டும் மேல வர்றதுக்குன்னு என்னா தனி வித்தை?"

கேட்டவர் வல்லம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் விழுந்த மோட்டார், குடம், சில நேரம் ஆடு என்று எதையும் எடுத்துக் கொடுப்பவர். அவருடைய தம்பி மகன், கம்பெனி நண்பர்களோடு புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்வதற்குப் பணம் கட்டியிருந்தான். கீழே போவதைவிட மேலே வருவதைப் பற்றித்தான் வகுப்பில் அதிகம் பேசுவார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரியவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களில் எனக்குக் கடல் முங்கல் பழக்கம் உண்டு என்பதால் கேள்வி என் பக்கம் திரும்பியது.

சரியான கேள்விதான். கிணற்றில் நீந்திப் பழகிய உடம்புக்கு மூன்று விஷயங்கள் யாரும் சொல்லித் தராமலே தெரியும். முங்குமுன் மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டினால் காலை உதைத்துக்கொண்டு முடிந்த வேகத்தில் மேலே வந்துவிட வேண்டும். தலை வெளியே வந்துவிட்டால் பிழைத்தோம். நம் பக்கத்துப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவை இவை. ஆனால் முதுகில் சிலிண்டர் ஏறிய நிமிடத்தில் மூன்றுமே ஆபத்தாகிவிடுகின்றன. ஸ்கூபா பயிற்சியில் பாதி, இந்த மூன்றையும் உடம்பிலிருந்து மறக்கடிக்கிற வேலைதான்.

மூச்சிலிருந்து ஆரம்பிப்போம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது 33 அடிக்கு, ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. மேலே ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் இரு மடங்கானால் காற்று பாதியாகச் சுருங்கும். 1662-ல் ராபர்ட் பாயில் எழுதிவைத்த விதி இது. பத்தாம் வகுப்பில் படித்து மறந்திருப்போம். பெரியவர் கரையில் நின்று நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு குதிக்கிறார். முப்பதடியில் அது ஏறக்குறைய 3 லிட்டராகச் சுருங்கிவிடும். வேலையை முடித்து மேலே வர வர, அதே காற்று விரிந்து மறுபடி 6 லிட்டராகும். கொண்டுபோனதுதான் திரும்பி வருகிறது. கூட ஒரு சொட்டு இல்லை. அதனால் வாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அவருடைய நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது.

சிலிண்டர் கட்டியவர் கதை வேறு. அவர் கீழேயே மூச்சு இழுக்கிறார். சிலிண்டருக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே வாங்கினால் நெஞ்சு தாங்காது என்பதால், வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்துத் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்துக்குக் குறைத்துத் தருகிறது. எனவே 10 மீட்டர் ஆழத்தில் அவர் இழுக்கும் 6 லிட்டர், மேல்மட்டக் கணக்கில் 12 லிட்டர். அந்த நேரம் பார்த்துப் பழைய கிணற்றுப் பழக்கம் தலைதூக்கி, வாயை மூடிக்கொண்டு அவர் மேலே உதைத்தால், 6 லிட்டர் பிடிக்கிற இடத்தில் 12 லிட்டர் நிற்கப் பார்க்கும். நுரையீரல் திசு கிழியும். காற்று நேராக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால், மேலே வந்த சில நிமிடங்களுக்குள் பக்கவாதம் வந்தவர்போல ஆள் சாய்ந்துவிடுவார்.

இதற்குப் பெரிய ஆழமே வேண்டாம். நிறைய மூச்சு இழுத்து அடக்கிக்கொண்டு வெறும் 4 அடியிலிருந்து எழுந்தவர்களுக்கே இப்படி ஆகியிருக்கிறது. நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கம் போதும். அதைவிட மோசம், கிழிவதற்கு முன் நெஞ்சு வலித்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் ஸ்கூபாவின் முதல் கட்டளை ஒரே வரியில் முடிகிறது: மூச்சை ஒருபோதும் அடக்காதே.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நம்ம கெணத்துல பயமே இல்லன்னு சொல்லு."

"இல்லீங்கண்ணா. உங்களுக்கும் மேல வரும்போதுதான் கண்டம். காரணம்தான் வேற."

கோடை விடுமுறையில் கிணற்றில் பையன்கள் செய்கிற ஒரு காரியம் எல்லோரும் பார்த்ததுதான். யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்ற பந்தயம்; முங்குமுன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுத்துவிடுவான். ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கிறோம் என்று நினைப்பு. உண்மையில் அதில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுகிறது. 'மூச்சு முட்டுது, மேலே போ' என்று மூளையை உசுப்புவது அந்த கார்பன் டை ஆக்சைடுதான். அது குறைந்துவிட்டதால் பையனுக்கு முட்டவே இல்லை, உள்ளே சுகமாக இருக்கிறான். ஆழத்து அழுத்தம், மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே வரத் தொடங்கியதும் அழுத்தம் இறங்குகிறது, ஆக்சிஜன் தள்ளலும் இறங்குகிறது. கடைசிப் பத்தடியில், வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன் எப்படி மூழ்கினான் என்று ஊரே குழம்பும் சாவுகளில் சில இப்படிப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூச்சடக்கி முங்குவதை விளையாட்டாகச் செய்கிறவர்கள் உலகெங்கும் ஜோடியாகத்தான் போகிறார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் மேலே. வந்தவர் தலையை வெளியே நீட்டிய பிறகும் அரை நிமிடம் அவர்மேலிருந்து கண்ணை எடுப்பதில்லை. கிணற்றுக் கரைக்கும் அது பொருந்தும்.

தம்பி மகனுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. "நான்தான் ஆக்சிஜன் சிலிண்டர் போட்டுக்கப் போறேனே பெரியப்பா" என்றான்.

பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. 2021-ல் நீலாங்கரைக் கடலில் ஒரு ஜோடி 60 அடி ஆழத்தில் தாலி கட்டிக்கொண்ட செய்தி வந்தபோதும், முதுகிலிருந்ததை ஆக்சிஜன் சிலிண்டர் என்றே பேசிக்கொண்டார்கள். உள்ளே இருப்பது நாம் இங்கே விடுகிற இதே காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. தனி ஆக்சிஜனைக் கடலுக்குள் அந்த ஆழத்தில் இழுத்தால் வலிப்பு வரக்கூடும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அந்த நைட்ரஜன்தான் அடுத்த வில்லன். மெதுவாக மேலே வரவேண்டியதற்குக் காரணமும் அதுதான்.

உடம்பு நைட்ரஜனை எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தம் கூடும்போது அது ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஆழமும் நேரமும் கூடக்கூட ஏற்றமும் கூடும். மேலே வரும்போது அது வெளியேற வேண்டும். இந்த இடத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் சோடா பாட்டிலைக் கையில் எடுப்பார்கள்: மூடியிருக்கும்வரை குமிழி தெரியாது, படாரென்று திறந்தால் பொங்கும். உவமை சரிதான், ஆனால் அது சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மெதுவாக வந்தால் நைட்ரஜன் பொங்காமலே ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, மூச்சு வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அதற்கு வேண்டியது நேரம். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் மூட்டில் குமிழி கட்டி வலிக்கும். தண்டுவடத்தில் கட்டினால் கால் விளங்காமல் போகும்.

இதை மனிதர்கள் கடலில் கற்றுக்கொள்வதற்கு முன்பே பாலம் கட்டுகிற இடத்தில் அனுபவித்தார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றுக்கடியில் அஸ்திவாரம் தோண்டியவர்கள், தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்று அடைத்த பெட்டி அறைகளுக்குள் வேலை செய்தார்கள். வெளியே வந்தால் முடங்கிப்போனார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் அந்த நோயில் விழுந்து, மிச்ச வேலையை மனைவி எமிலி வழியாக நடத்த வேண்டியதாயிற்று. காரணம் நைட்ரஜன் குமிழி என்று 1878-ல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் எழுதினார். சரி, எவ்வளவு மெதுவாக வந்தால் தப்பலாம்? அதற்கு விடை தேடிய ஜான் ஸ்காட் ஹால்டேன் லண்டனில் ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுப் பார்த்தார். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் ஆடு முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வலி எந்த மூட்டில் என்பதை ஆடு வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. 1908-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட அட்டவணையிலிருந்துதான், நேராக மேலே வராமல் நடுநடுவே நின்று நின்று வரும் முறை பிறந்தது.

"ஆட்டுக் காலு தூக்கினா எனக்கும் தெரியும்" என்றார் பெரியவர். இந்த ஒரு கட்டத்தில் அவர் முழுதாக ஒத்துக்கொண்டார்.

புத்தகத்தில் படிக்காமலே இந்த வலியை அறிந்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். தூத்துக்குடிச் சங்குகுளிகள் முன்பு மூச்சடக்கி முங்கினார்கள். இப்போது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வருகிற குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீழே நேரக்கணக்கில் சங்கு தேடுகிறவர்கள் உண்டு. அரசு அனுமதிக்காத முறை; ஆனால் மூச்சடக்கி எடுப்பதைவிடப் பல மடங்கு சங்கு கிடைக்கும் முறை. இலங்கையின் வடக்கே கடலட்டை எடுப்பவர்கள் ஒரே நாளில் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி முங்குகிறார்கள். அவர்களில் கால் விழுந்துபோனவர்களுக்குத் திருகோணமலையில் கடற்படை வைத்திருக்கும் அழுத்த அறைதான் கதி. ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், மேலே எவ்வளவு மெதுவாக வந்தோம் என்ற கணக்கைக் கூலி தின்றுவிடுகிறது. சுற்றுலாப் பயணிக்கு அந்த நெருக்கடி இல்லை; அவர் மெதுவாக வந்தால் யாரும் சம்பளம் பிடிக்கப் போவதில்லை.

அப்படியானால் எவ்வளவு மெதுவாக? இதற்குச் சொல்லப்பட்ட எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு; எனக்கு மிகவும் பிடித்த கதை. 1950-களில் அமெரிக்கக் கடற்படை தன் விதியைத் திருத்த உட்கார்ந்தபோது இரண்டு கட்சி. துடுப்புக்கால் மாட்டிய தவளை வீரர்களுக்கு நிமிடத்துக்கு 100 அடி வேகம் வேண்டும். கனத்த செம்புத் தலைக்கவசம் போட்டு, கயிற்றில் தூக்கப்படும் பழைய பாணி முங்காளிகளால் 25 அடிக்கு மேல் முடியாது. கடைசியில் 60 அடி என்று நடுவில் முடித்தார்கள். விநாடிக்கு ஓர் அடி; மேலே கயிறு இழுப்பவருக்கும் எண்ண வசதி. ஆடோ ஆய்வோ அதில் இல்லை, பேரம்தான். அந்த 60 அடி, 18 மீட்டர் என்று மாற்றப்பட்டு உலகம் முழுதும் பாடநூல்களில் ஏறிக்கொண்டது. 1993-ல் அதே கடற்படை அதை 30 அடியாகப் பாதியாக்கியது. இன்றும் சில பாடநூல்களில் 18 மீட்டர்தான் உச்ச வரம்பு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர் என்று சொல்லித்தருகிறார்கள். நான் கேட்டால் 9 என்பேன். அதற்கும் குறைவாக வந்தால் கூட முங்கும் தோழர் அலுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

கணக்கில் இன்னொரு முக்கியமான இடம். 30 மீட்டரிலிருந்து 20-க்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. 20-லிருந்து 10-க்கு ஒன்றரை மடங்கு. 10-லிருந்து மேல்மட்டத்துக்கு இரண்டு மடங்கு. ஆக, ஆழம் குறையக் குறையத்தான் நிலைமை வேகம் பிடிக்கிறது. 'இன்னும் கொஞ்சம்தானே' என்று மனசு தளர்கிற அந்தக் கடைசி 10 மீட்டர்தான் முழுப் பயணத்திலும் கூடுதல் கவனம் கேட்கும் இடம். போதாக்குறைக்கு முங்காளி போட்டிருக்கும் காற்றுச்சட்டையிலும் காற்று உண்டு. அதுவும் விரிந்து, அவரைத் தூக்கும். தூக்கினால் இன்னும் விரியும், இன்னும் தூக்கும். கவனிக்காமல் விட்டால் கடைசி ஐந்தாறு மீட்டரை ஒரே பாய்ச்சலில் கடந்து வெளியே எகிறிவிடுவார். புதியவர்கள் மேலே போகக் காற்றுச்சட்டையில் காற்று ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். நடைமுறை நேர்மாறு: இடது கையில் காற்றுச்சட்டையின் குழாயை உயரப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியேற்றிக்கொண்டே, காலைத் துடுப்படித்து ஏற வேண்டும்.

வழியில் 5 மீட்டரில் ஒரு நிறுத்தம், 3 நிமிடம். இதைச் செய்யாவிட்டால் கண்டிப்பாக நோய் வரும் என்பதில்லை. நைட்ரஜனுக்குக் கொடுக்கும் கூடுதல் அவகாசம், அதோடு ஓடுகிற வேகத்தை ஒருமுறை முழுதாக நிறுத்திப் பார்ப்பதற்கான சந்தர்ப்பம். ஏறும் வேகத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் கையில் இல்லாத காலத்தில் முங்காளிகள் தங்கள் வாயிலிருந்து கிளம்பும் மிகச் சிறிய குமிழிகளைப் பார்த்து, அவற்றை முந்தாமல் ஏறினார்கள். இன்றைக்கும் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதைத்தான் செய்வார்கள்.

காற்று தீர்ந்துபோனால்? தோழரிடம் இரண்டாவது ரெகுலேட்டர் இருக்கும். அதை வாங்கிக் கவ்விக்கொண்டு இருவரும் சேர்ந்து வரலாம். தோழரும் தள்ளியிருந்தால், 9 மீட்டர் அளவுக்குள் என்றால், 'ஆ...' என்று விடாமல் சத்தம் எழுப்பிக்கொண்டே நீந்தி வரப் பயிற்சி தருகிறார்கள். ஒரு மூச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி விட முடியும் என்று தோன்றும். விடவிட நுரையீரலில் இருப்பது விரிந்து நிறைந்துகொண்டே இருப்பதால் தீராது. கிணற்றுக்காரருக்கு இதைச் சொன்னால் பொய் என்றுதான் நினைப்பார். பெரியவர் அப்படித்தான் பார்த்தார்.

கைச்சைகையில் ஒன்றை மட்டும் பையனுக்கு இரண்டு தடவை சொன்னேன். கட்டைவிரலை உயர்த்தினால் நம் ஊரில் 'சூப்பர்'. தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். மீனைப் பார்த்த குஷியில் கட்டைவிரலைக் காட்டியவரைப் பயிற்சியாளர் மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட, பணம் போச்சே என்று படகில் சண்டை பிடித்த கதைகள் நிறைய.

இனி மேல்மட்டம். பழைய முத்துக்குளிப்பை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. குளியாளி ஒரு கல்லில் காலை வைத்து அதன் கனத்தில் இறங்குவார். சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் தூக்குவார். அந்தக் கயிற்றுக்காரருக்கு அது மட்டும்தான் வேலை. தன் ஆள் எங்கே இருக்கிறார், எவ்வளவு நேரமாயிற்று, எந்த இடத்தில் தலை கிளம்பும், அங்கே வேறு படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கீழே இருப்பவர் மேலே நடப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்கூபாவில் அந்தக் கயிறு அறுந்துவிட்டது. முங்காளி தன் இஷ்டப்படி சுற்றி, இறங்கிய இடத்திலிருந்து எங்கோ தள்ளிக் கிளம்புகிறார். கயிற்றுக்காரர் செய்த காவலையும் அவரே செய்துகொள்ள வேண்டும்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் கரையோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் எத்தனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவை வேகமாகப் போகிறவை, அடியில் விசிறி சுழல்கிறது, ஓட்டுகிறவர் கண் வலை மிதப்பின் மேல் இருக்கிறது. கடலுக்கு நடுவே திடீரென்று ஒரு தலை முளைக்கும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. இஞ்சின் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்ளலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், நீரில் சுமார் 1,500. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிவதே, ஒலி ஒரு காதுக்குக் கொஞ்சம் முந்தியும் மறு காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் வருவதால்தான். நீரில் அந்த வித்தியாசம் மூளை பிடிக்க முடியாத அளவு குறைந்துபோகிறது. படகு இருக்கிறது என்று தெரியும். வலமா இடமா, தலைக்கு மேலேயா, தெரியாது. சத்தம் கேட்டால் ஏறாமல் அங்கேயே நிற்பதுதான் வழி. 5 மீட்டர் நிறுத்தம் இதற்கும் வசதி.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவில், பிரிட்டிஷ் பாடகி கிர்ஸ்டி மக்கால் தன் மகன்களோடு முங்கிவிட்டு மேலே வந்தார். படகுகள் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட இடம் அது. வேகப்படகு ஒன்று பாய்ந்து வந்தது. மகனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு அங்கேயே இறந்தார். முங்கியதில் தவறில்லை, ஏறியதில் தவறில்லை, இடமும் சரி. மேல்மட்டம் அப்படிப்பட்டது.

அதனால் ஏறும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டே, ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும்; மேலே, பின்னால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள், அவ்வளவுதான். நிறுத்தத்தில் இருக்கும்போதே ஆரஞ்சு நிற நீளப் பலூன் ஒன்றைக் காற்றடைத்து நூலில் மேலே விடுவார்கள். அது தண்ணீருக்கு மேல் ஆள் உயரத்துக்கு நட்டுக்கொண்டு நிற்கும். இந்த இடத்தில் ஆள் வரப்போகிறது என்று அறிவிப்பு. படகிலும் கொடி கட்டுவார்கள். சர்வதேசக் கொடி வெள்ளையும் நீலமும். சிவப்பில் வெள்ளைப் பட்டை குறுக்கே போனால் அது விளையாட்டு முங்காளிகளுடையது. கொடியின் பொருள் படகு ஓட்டுகிறவருக்குத் தெரிந்தால்தானே பயன்? கொடிக்குச் செலவழிக்கும் அக்கறையில் கொஞ்சத்தை, காலையில் குப்பத்துக்குப் போய் 'இன்றைக்கு இந்தப் பக்கம் ஆட்களை இறக்குகிறோம்' என்று சொல்லிவருவதற்குச் செலவழிக்கும் மையத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். எந்த இடத்தில் வலை விரித்திருக்கிறது என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

தலை வெளியே வந்துவிட்டது. கிணற்றில் இத்தோடு கதை முடிந்தது; படிக்கட்டில் கை வைத்துவிடலாம். கடலில் அலை முகத்தில் அடிக்கும், படகு நூறு மீட்டர் தள்ளி இருக்கும், முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயக் கட்டிகளும் கீழே இழுக்கும். வந்த சந்தோஷத்தில் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேச ஆரம்பிக்கிறவர்கள் உப்புத் தண்ணீரைக் குடித்துத் திணறுகிறார்கள். முதல் வேலை, காற்றுச்சட்டையை நன்றாக நிரப்பி மிதப்பை உறுதி செய்வது. அதுவரை வாயிலிருப்பது வாயிலேயே இருக்கட்டும். மிதக்க முடியாமல் திண்டாடினால் யோசிக்காமல் ஈயத்தைக் கழற்றிக் கடலில் போட்டுவிட வேண்டும். அதன் விலை பெரிதில்லை. படகைப் பார்த்துத் தலைமேல் கையை வளைத்து வைத்தால் நலம் என்று பொருள். கையை உயர்த்தி ஆட்டினால் ஆபத்து என்று பொருள். நம் ஆட்கள் படகைக் கண்டதும் டாட்டா காட்டுவார்கள். அங்கே அது 'காப்பாத்து' என்று போய்ச் சேரும்.

படகு கிளம்புமுன் தலையை எண்ணுவது படகுக்காரர் வேலைதான். இருந்தாலும் நீங்களும் ஒருமுறை எண்ணுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது. அவர்கள் இல்லை என்று தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. கிடைக்கவே இல்லை.

கரைக்கு வந்த பிறகும் ஒரு நாள் உடம்பைக் கவனிக்க வேண்டும். தோள், முழங்கை, முழங்காலில் வலி, மரத்துப்போதல், காரணமில்லாத களைப்பு, தலைசுற்றல், சிறுநீர் இறங்காமை, இவற்றில் எது வந்தாலும் 'படகு ஏறி இறங்கின வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கக் கூடாது. நோய் உள்ளவர்களே பெரும்பாலும் முதலில் 'ஒன்றுமில்லை' என்கிறார்கள். ஆளைப் படுக்கவைத்து, சுத்த ஆக்சிஜன் கொடுத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். முங்கின ஆழத்துக்கே மறுபடி இறக்கிச் சரிசெய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம் 'இத்தனை மணிக்கு, இத்தனை ஆழத்திலிருந்து ஸ்கூபா முங்கி வந்தேன்' என்பதாக இருக்கட்டும். கடலோரம் இல்லாத ஊர் மருத்துவர் அந்த ஒரு தகவல் இல்லாமல் மூட்டு வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். சிகிச்சை அழுத்த அறையில்தான்: உள்ளே 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, வழக்கமான முறையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மெதுவாக இறக்குவார்கள். அதாவது விட்டுவிட்டு வந்த நிதானத்தை மருத்துவர் திரும்பச் செய்யவைக்கிறார். சீக்கிரம் போனவர்களுக்குப் பலன் அதிகம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பையன் தன் திட்டத்தைச் சொன்னான். சனிக்கிழமை காலை புதுச்சேரியில் இரண்டு முங்கு. மத்தியானம் செஞ்சிக் கோட்டை. ராத்திரி பஸ்ஸில் கொடைக்கானல்.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்குரியதுதான். முங்கிய பிறகு விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் முங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு மலையும் விமானமும் ஒன்றுதான். செஞ்சியில் உயரம் பிரச்சினையே இல்லை, ராஜகிரி 800 அடிதான். ஆனால் முங்கி வந்த அன்றே வெயிலில் அத்தனை படி ஏறி மூச்சிரைப்பது, குமிழிகளைக் கிளப்பிவிடுகிற வேலை. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு நிழலில் உட்கார வேண்டிய நேரம் அது.

"அப்ப சனிக்கிழமை செஞ்சிய ஏறு. ஞாயித்துக்கிழமை கடல்ல முங்கு. ராத்திரி வூட்டுக்கு வா" என்று பெரியவர் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார்.

பையன் கொடைக்கானல் டிக்கெட்டை அங்கேயே போனில் ரத்து செய்தான். பிடித்தம் போகத் திரும்பி வந்த தொகையைப் பார்த்துவிட்டு, பஸ் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே நாலு பேருக்கும் டீக் காசை அவனே கொடுத்தான்.